பத்துப் பேர் பட்டறைக்கும் ஓஷா உண்டு

“எங்ககிட்ட மொத்தமே பத்துப் பேருதான். எங்களுக்கு எதுக்கு ஓஷா?” மலேசியாவில், பினாங்கின் பிறையிலும் புக்கிட் மிஞ்ஞாக்கிலும் சிறு பட்டறை நடத்தும் நம்மவர்களிடம், ஓஷா எனப்படும் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் முதலில் வருவது இந்தக் கேள்விதான். பாதுகாப்புக் குழு அமைக்க 40 பேர் வேண்டும், பாதுகாப்பு அதிகாரி வைக்க நூறோ ஐந்நூறோ பேர் வேண்டும், அதற்குக் கீழே இருப்பவர்களை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள் என்ற நம்பிக்கை அதன் பின்னால் இருக்கிறது. அந்த நம்பிக்கை முன்பும் முழுக்கச் சரியில்லை. 2024 ஜூன் 1க்குப் பிறகு அதற்கு இடமே இல்லை. ஐந்து பேர் வேலை செய்தாலே அவர்களில் ஒருவரைப் பாதுகாப்பு, சுகாதார ஒருங்கிணைப்பாளராக நியமித்தாக வேண்டும். தவறினால் 50,000 ரிங்கிட் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

அன்றைக்கு இரண்டு காரியங்கள் ஒன்றாக நடந்தன. 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்துக்கு 2022இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம் நடப்புக்கு வந்தது. கூடவே, 1967ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் முழுதாக நீக்கப்பட்டது. செய்தித்தாள்களில் பெரிதாக வந்தது அபராதத் தொகை மட்டும்தான்: முதலாளியின் பொதுக் கடமையை மீறினால் முன்பு அதிகபட்சம் 50,000 ரிங்கிட், இப்போது 5 லட்சம். பத்து மடங்கு என்றால் யாருக்கும் கண்ணில் படத்தான் செய்யும். ஆனால் ஆலைத் தளத்தில் வேலை செய்கிறவர்களைப் பொறுத்தவரை முக்கியமான மாற்றம் வேறு. அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

1967ஆம் ஆண்டுச் சட்டம் இயந்திரத்தைப் பார்த்த சட்டம். கொதிகலன், அழுத்தக் கலன், கிரேன், லிஃப்ட் இவற்றுக்குத் தகுதிச் சான்றிதழ் வேண்டும். சுழலும் பாகத்துக்கு மூடி வேண்டும். படிக்கட்டு இப்படி, கைப்பிடி அப்படி என்று அது ஒவ்வொன்றாகச் சொல்லும். அரசாங்க ஆய்வாளர் வருவார், பார்ப்பார், கையெழுத்துப் போடுவார். வெள்ளீயச் சுரங்கங்களில் நீராவிக் கொதிகலன்களைச் சோதித்த பிரிட்டிஷ் காலத்து வழக்கத்தின் தொடர்ச்சி அது. அதில் ஒரு சௌகரியம் இருந்தது: என்ன செய்ய வேண்டும் என்று யாரோ எழுதி வைத்திருந்தார்கள். எழுதாதது எதுவோ, அது நம் பாடு இல்லை.

1991 மே 7ஆம் தேதி சுங்கை பூலோவில் பிரைட் ஸ்பார்க்லர்ஸ் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்தது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சுற்றியிருந்த வீடுகளும் தப்பவில்லை. இயந்திரத்துக்கு மூடி இருக்கிறதா என்று பார்க்கும் சட்டத்தால் இப்படிப்பட்ட ஓர் இடத்தை எப்படிக் கட்டுப்படுத்துவது என்ற கேள்வி அப்போது பலமாக எழுந்தது. 1994ஆம் ஆண்டுச் சட்டம் வந்ததற்கு அந்த விபத்தும் ஒரு காரணம். அது பிரிட்டனில் 1972இல் வெளிவந்த ராபன்ஸ் குழு அறிக்கையின் வழியில் போனது. ஆபத்தை உண்டாக்குகிறவரே அதைக் கண்டுபிடிக்க வேண்டும், அவரே கட்டுப்படுத்த வேண்டும், கட்டுப்படுத்தியதை அவரே காட்ட வேண்டும். அரசாங்கம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்காது.

சரி, அப்படியானால் 1994லேயே எல்லாம் மாறியிருக்க வேண்டுமே? மாறவில்லை. முப்பது வருடம் இரண்டு சட்டமும் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. சிறு ஆலைக்காரர்கள் தங்களுக்குப் பழக்கமான பழைய சட்டத்தையே பிடித்துக்கொண்டார்கள். கம்பிரசர் தொட்டியின் சான்றிதழை ஃப்ரேம் போட்டுச் சுவரில் மாட்டினால் வேலை முடிந்தது. இப்போது அந்தச் சுவர் போய்விட்டது. சான்றிதழ் விதிகள் 1994ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. அதோடு, ஆபத்து மதிப்பீடு செய்வது முதலாளியின் கடமை என்று 18பி பிரிவு நேரடியாகச் சொல்லிவிட்டது. முன்பு அது பொதுக் கடமைக்குள் மறைந்திருந்தது, வழிகாட்டி நூலில் இருந்தது. இப்போது சட்டத்தின் வாசகத்திலேயே இருக்கிறது. மதிப்பீடு செய்ததில் கட்டுப்பாடு தேவை என்று தெரிந்தால் அதைச் செய்தாக வேண்டும் என்பதும் அங்கேயே இருக்கிறது.

என்னைக் கேட்டால் மொத்தத் திருத்தத்தின் கனமும் இந்த ஒரு பிரிவில்தான். மற்றவை எல்லாம் இதைச் சுற்றி நிற்பவை.

எண்ணிக்கைகளை மட்டும் சீக்கிரமாகச் சொல்லிவிடுகிறேன். ஐந்து பேருக்கு மேல் இருந்தால் எழுதப்பட்ட பாதுகாப்புக் கொள்கை வேண்டும். ஐந்து பேரிலேயே ஒருங்கிணைப்பாளர் தேவைப்படுகிறார். 40 பேர் ஆனால் முதலாளி தரப்பும் தொழிலாளர் தரப்பும் உட்காரும் பாதுகாப்புக் குழு. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது அது கூட வேண்டும். உலோகத் தகட்டை அடித்து வெட்டும் ஆலை, இரசாயன ஆலை, மர ஆலை போன்றவற்றில் 100 பேருக்கு மேல் போனால், மற்ற உற்பத்தி ஆலைகளில் 500 பேருக்கு மேல் போனால், 1997ஆம் ஆண்டு ஆணைப்படி பதிவு பெற்ற பாதுகாப்பு, சுகாதார அதிகாரி வேண்டும். அவர் இருக்க வேண்டிய இடத்தில் ஒருங்கிணைப்பாளர் தேவையில்லை. ஆனால் ஆபத்து மதிப்பீட்டுக்கு எந்த எண்ணிக்கையும் கிடையாது. தனியாளாகச் சொந்தத் தொழில் செய்கிறவரும் செய்ய வேண்டும்.

அந்த மதிப்பீட்டைத்தான் நம் ஆலைகளில் ஹைராக் என்கிறோம். பெரும்பாலான இடங்களில் அது ஓர் எக்செல் அட்டவணை. பக்கத்து ஆலையிலிருந்து வாங்கிப் பெயரை மட்டும் மாற்றியதும் உண்டு. மாடிப்படியே இல்லாத பட்டறையின் ஹைராக்கில் “படியில் வழுக்கி விழுதல்” என்று இருப்பதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். உண்மையான மதிப்பீடு எப்படி இருக்கும் என்று ஓர் இயந்திரத்தை வைத்தே பார்ப்போம்.

பிறையில் தகடு அடிக்கும் பட்டறைகளில் பவர் பிரஸ் இருக்கும்; அச்சை (டை) வைத்துத் தகட்டை ஒரே அடியில் வெட்டும் இயந்திரம். விரல்களைப் பறிக்கும் இயந்திரம் எது என்று கேட்டால் பழைய ஆட்கள் முதலில் இதைத்தான் சொல்வார்கள். இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் அடிக்கும் என்பது வழக்கமான பாதுகாப்பு. அட்டவணையில் “ஆபத்து: விரல் நசுங்குதல், கட்டுப்பாடு: இரு கைப் பொத்தான்” என்று எழுதி, மீதமுள்ள ஆபத்து “குறைவு” என்று பச்சை நிறம் அடித்துவிடலாம். பிரஸ் பக்கத்தில் அரை மணி நேரம் நின்று பார்த்தால் வேறு கேள்விகள் வரும்.

முதல் கேள்வி, இந்த பிரஸ் பாதியில் நிற்குமா? பழைய கீ கிளட்ச் வகை பிரஸ் ஒரு தடவை கிளம்பினால் முழுச் சுற்று முடிந்துதான் நிற்கும். செகண்ட் ஹேண்டில் வாங்குவதில் பல இந்த வகைதான். அதன் முன்னால் ஆயிரக்கணக்கான ரிங்கிட் கொடுத்து ஒளித்திரை சென்சார் மாட்டினாலும் பயன் இல்லை; கை உள்ளே போனது சென்சாருக்குத் தெரியும், ஆனால் பிரஸ்ஸால் நிற்க முடியாது. அந்த வகைக்குக் கை நுழையவே முடியாத நிலையான தடுப்பு வேண்டும். உராய்வு கிளட்ச் உள்ள பிரஸ்தான் நடுவில் நிற்கும், அதற்குத்தான் ஒளித்திரை உதவும். இந்த வேறுபாட்டைக் கேட்காமலே சென்சார் விற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது, பொத்தான் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? பொத்தானை விட்ட கை அச்சை எட்டுவதற்குள் பிரஸ் நின்றுவிட வேண்டும். கை வினாடிக்கு 1.6 மீட்டர் வேகத்தில் போகும் என்று வைத்துத்தான் கணக்கு போடுகிறார்கள். நிற்பதற்கு 0.3 வினாடி எடுக்கும் பிரஸ் என்றால் பொத்தான் 48 சென்டிமீட்டருக்குக் கிட்டே இருக்கவே கூடாது. பிரேக் தேயத் தேய நிற்கும் நேரம் கூடும், அதே இடத்தில் இருக்கும் பொத்தான் மெல்ல மெல்லப் பாதுகாப்பற்றதாகிவிடும். ஆகவே நிற்கும் நேரத்தை அவ்வப்போது அளக்க வேண்டும். அளந்த தேதி எங்காவது எழுதியிருக்கிறதா?

மூன்றாவது, ஒரு பொத்தானில் டேப் ஒட்டியிருக்கிறதா? ஒட்டியிருந்தால் ஆப்பரேட்டரைத் திட்டுவதற்கு முன் டார்கெட்டைப் பார்க்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு இத்தனை துண்டு என்று போட்ட எண் இரண்டு கையையும் பயன்படுத்தினால் எட்டாத எண்ணாக இருந்தால், அந்த டேப்பை ஒட்டியது ஒரு வகையில் அந்த எண்ணைப் போட்டவர்தான்.

நான்காவதைத்தான் நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். அச்சு மாற்றும்போது என்ன நடக்கிறது? உற்பத்தி ஓடும்போது தடுப்பு, பொத்தான், சென்சார் எல்லாம் இருக்கும். டை மாற்றும்போது, சிக்கிய துண்டை எடுக்கும்போது, கிரீஸ் போடும்போது எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் கையை உள்ளே விடுவார்கள். அந்த நேரத்துக்குத்தான் லாக் அவுட் டேக் அவுட். மின்சாரத்தை நிறுத்தி, உள்ளே கை வைக்கிறவரே தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்வது. “வேலை நடக்கிறது, சுவிட்சைத் தொடாதே” என்று அட்டை மாட்டுவது பூட்டுக்கு ஈடாகாது. அத்தோடு, மின்சாரம் நின்றாலும் ஃப்ளைவீல் என்ற கனத்த சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும், காற்று அழுத்தம் குழாயில் இருக்கும், மேலே நிற்கும் ராம், அதாவது அடிக்கும் பாகம், தன் எடையிலேயே இறங்கலாம். அதற்குக் கட்டை வைக்க வேண்டும்.

இந்த நாலு கேள்விக்கும் அட்டவணையில் பதில் இருந்தால் அது மதிப்பீடு. இவற்றை ஆபீஸில் உட்கார்ந்து யாரும் எழுத முடியாது. அச்சைப் பொருத்தும் டை செட்டரும் ஆப்பரேட்டரும் கூட நின்றால்தான் வரும்.

சத்தமும் இதே மாதிரி கதைதான், ஆனால் இரத்தம் வராததால் யாரும் பதறுவதில்லை. மலேசியாவில் தொழில்சார் நோய் என்று பதிவாகிறவற்றில் காது கேளாமைதான் முன்னால் நிற்கிறது. 1989ஆம் ஆண்டு விதிகள் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபெல் வரை அனுமதித்தன. 2019 ஜூன் 1இல் வந்த புதிய சத்த விதிகள் அதை 85 ஆக்கின. 82ஐத் தாண்டினாலே அளவுக்கு மீறிய சத்தம், பதிவு பெற்ற மதிப்பீட்டாளரைக் கூப்பிட்டு அளக்க வேண்டும். ஐந்து டெசிபெல்தானே குறைந்தது என்று நினைக்க வேண்டாம். டெசிபெல் கணக்கில் ஒவ்வொரு மூன்றுக்கும் ஒலி ஆற்றல் இரட்டிப்பாகிறது. பழைய விதி எட்டு மணி நேரம் விட்டுவைத்த 90 டெசிபெல்லில் இப்போது காதுக் கவசம் இல்லாமல் இருக்கக்கூடியது சுமார் இரண்டரை மணி நேரம்தான்.

இன்னொரு சிக்கல் ஷிஃப்ட். பினாங்கில் பல ஆலைகளில் 12 மணி நேர ஷிஃப்ட் ஓடுகிறது. சட்டத்தின் எண்ணோ எட்டு மணி நேரத்துக்கானது. மீட்டரில் சரியாக 85 காட்டும் இடத்தில் 12 மணி நேரம் நிற்கிறவருக்கு அன்றைய கணக்கு கிட்டத்தட்ட 86.8. அதாவது எல்லையைத் தாண்டியாகிவிட்டது. “நாங்க அளந்தோம், 85தான்” என்று சொல்லும் சூப்பர்வைசர் பொய் சொல்லவில்லை, கணக்கைப் பாதியில் விட்டுவிட்டார். எல்லையைத் தாண்டியவர்களுக்கு ஆண்டுதோறும் செவித்திறன் சோதனை செய்ய வேண்டும். 4,000 ஹெர்ட்ஸ் பக்கம்தான் முதலில் அடிபடும். பேச்சு கேட்கும், ஆனால் வார்த்தை தெளியாது. வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டச் சொல்வதை வயசு என்று தள்ளிவிடுவார்கள்.

இதற்கும் முதல் மருந்து காதுக் கவசம் இல்லை. கம்பிரசரைத் தனி அறைக்குக் கொண்டுபோவது, காற்றுத் துப்பாக்கிக்குச் சத்தம் குறைந்த நாஸில் போடுவது, ஆடுகிற தகட்டுக்கு அடியில் ரப்பர் வைப்பது என்று தொடங்கி, எதுவும் எடுபடாத மிச்சத்துக்குத்தான் கவசம். ஹெல்மெட், கையுறை, காலணி எல்லாமே கடைசி வரிசைதான். நம் ஆலைகளில் அது முதல் வரிசையாக இருப்பதற்குக் காரணம் அதுதான் விலை குறைவு. அதுவும் சில இடங்களில் தொழிலாளி சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். அப்படிப் பிடிக்கக் கூடாது. பாதுகாப்புக்காகச் சட்டப்படி கொடுப்பதற்குத் தொழிலாளியிடம் காசு வாங்க முதலாளிக்கு உரிமை இல்லை என்று 26ஆம் பிரிவு சொல்கிறது.

இரசாயனத்தைப் பற்றிச் சுருக்கமாக. மின்னணு ஆலைகளில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், அசிட்டோன், சால்டரிங் புகை இவை அன்றாடம். 2000ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் வந்து இரசாயன ஆபத்தை மதிப்பிட வேண்டும், ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். புகையை உறிஞ்சும் குழாயை மாதம் ஒரு தடவை ஆலையே பார்க்க வேண்டும், 12 மாதத்துக்கு ஒரு தடவை தகுதி பெற்ற டெக்னீஷியன் சோதிக்க வேண்டும். இவற்றைச் செய்கிற ஆலைகளிலும் ஓர் ஓட்டை இருக்கும். பெரிய டிரம்மில் லேபிள் அழகாக இருக்கும். அதிலிருந்து ஊற்றிய சின்னப் போத்தலில் ஒன்றும் இருக்காது. அது மினரல் வாட்டர் போத்தலாகவும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

இனி, இதெல்லாம் யாருக்கு என்ற கேள்வி.

பாயான் லெப்பாஸில் தடையற்ற தொழில் வட்டாரம் 1972இல் தொடங்கியது. அங்கும் பிறையிலும் ஆலைகள் பெருகப் பெருக, தோட்டங்களிலிருந்து நம் ஆட்கள் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறினார்கள். பத்து காவானில் இன்று தொழிற்பேட்டை நிற்கும் இடம் தோட்டமாக இருந்த ஊர். அங்கே தமிழ்ப்பள்ளியின் பெயரில் இன்னும் தோட்டம் இருக்கிறது. அந்தத் தலைமுறையின் பிள்ளைகள் இப்போது பெரும்பாலும் லைன் லீடர், டெக்னீஷியன், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர், ஸ்டோர் பொறுப்பாளர். அவர்களுக்குக் கீழே நிற்பவர்கள் நேப்பாளம், வங்காளதேசம், மியன்மார், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். அவர்களில் பலர் அந்த ஆலையின் ஆட்களாகவே இருக்க மாட்டார்கள். ஏஜெண்ட் கம்பெனியின் ஆட்கள்.

“அவங்க எங்க ஹெட்கவுண்ட் இல்ல” என்ற பதிலைக் கேட்காத ஆள் இந்தத் துறையில் இருக்க முடியாது. தோட்டத்தில் தொழிலாளி கங்காணிக்குத்தான் பதில் சொல்வான், துரைக்கு அவன் பெயர்கூடத் தெரியாது. ஏஜெண்ட் முறையும் கிட்டத்தட்ட அதுதான். புதிய 18ஏ பிரிவு இந்த இடத்தில் கை வைத்திருக்கிறது. வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்கிற அதிகாரம் உங்களிடம் இருந்தால், குத்தகைக்காரர், துணைக் குத்தகைக்காரர், அவர்களுடைய ஆட்கள் எல்லாருடைய பாதுகாப்பும் உங்கள் கடமையே. சம்பளச் சீட்டில் யார் பெயர் இருக்கிறது என்பது இங்கே பொருட்டில்லை. லைனில் நிற்க வைத்து, வேலையைக் காட்டிக் கொடுத்து, டார்கெட் போடுகிற ஆலை “எங்கள் ஆள் இல்லை” என்று ஒதுங்க முடியாது.

பயிற்சியின் மொழி அடுத்த பிரச்சினை. இரசாயனத் தகவல் தாள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தால் சட்டத்துக்குப் போதும். நேற்று வந்த நேப்பாளித் தொழிலாளிக்கு இரண்டும் ஒன்றுதான். கையெழுத்து மட்டும் வாங்கிக் கோப்பில் வைத்தால் ஆடிட்டில் பாஸ் ஆகலாம். ஆனால் முதலாளியின் கடமையில் தகவல், பயிற்சி, மேற்பார்வை மூன்றும் இருக்கின்றன. அவனுக்குப் புரிந்ததா என்று கேட்டால் அந்தக் கையெழுத்து பதில் சொல்லாது. நடைமுறையில் இந்த வேலை லைன் லீடர் தலையில்தான் விழுகிறது. உடைந்த மலாயில் சொல்லி, கையால் செய்து காட்டி, திரும்பச் செய்யச் சொல்லிப் பார்ப்பதுதான் நடக்கிறது. உண்மையில் அந்த மூன்றாவது படிதான் பயிற்சி. அதைச் செய்யும் லைன் லீடருக்கு அதற்கான நேரத்தைக் கொடுக்கிற ஆலைகள் குறைவு என்பது என் கணிப்பு.

தொழிலாளிக்குப் புதிதாகக் கிடைத்திருப்பது 26ஏ. உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளியும் ஒன்றும் செய்யவில்லை என்றால், அவர் அந்த இடத்தை விட்டு விலகிக்கொள்ளலாம். அதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது. நல்ல பிரிவுதான். ஆனால் வேலை பெர்மிட் ஒரே முதலாளியிடம் கட்டுப்பட்டிருக்கிற ஒருவர், கடன் வாங்கி விமானம் ஏறி வந்தவர், “நான் இந்த பிரஸ்ஸில் நிற்க மாட்டேன்” என்று சொல்வார் என்று எதிர்பார்ப்பது கஷ்டம். அந்தப் பிரிவு வேலை செய்ய வேண்டுமானால் முதலில் சொல்ல வேண்டியவர் அவருக்கு மேலே நிற்கிற நம்மவர். தொழிலாளிக்கும் கடமை உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: கொடுத்த கவசத்தைப் போடாமல், சொன்ன முறையை மீறினால் 2,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை. முன்பு இது 1,000 ரிங்கிட்.

விபத்து நடந்த பிறகு நடப்பது தனிக் கதை. 2004ஆம் ஆண்டு அறிவிப்பு விதிகளின்படி, மரணம் ஏற்பட்டாலோ, பலத்த காயத்தால் ஒருவர் தன் வழக்கமான வேலையை நான்கு காலண்டர் நாளுக்கு மேல் செய்ய முடியாமல் போனாலோ, அருகிலுள்ள ஜேகேகேபி (வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை) அலுவலகத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும், ஏழு நாளுக்குள் படிவம் அனுப்ப வேண்டும். கிரேன் சரிவது, அழுத்தக் கலன் வெடிப்பது போன்றவற்றுக்கு யாருக்கும் காயமே இல்லாவிட்டாலும் இது பொருந்தும். மரணமோ பலத்த காயமோ நேர்ந்த இடத்தை, உயிரைக் காப்பாற்றுவது போன்ற அவசியம் தவிர, அதிகாரி பார்க்கும் முன் கலைக்கக் கூடாது.

இந்த நாலு நாள்தான் பலருடைய கண்ணில் நிற்கிறது. கம்பெனியின் பேனல் கிளினிக்கில் மூன்று நாள் எம்.சி. (மருத்துவ விடுப்பு) மட்டும் வாங்கிவிட்டு, நாலாம் நாள் கட்டுப் போட்ட கையோடு ஆளைக் கூட்டி வந்து ஆபீஸில் உட்கார வைப்பார்கள். கார்டு அடித்தாகிவிட்டது, ஆகவே விடுப்பு இல்லை, ஆகவே விபத்து இல்லை என்பது கணக்கு. விதியைச் சரியாகப் படித்தால் அந்தக் கணக்கு நிற்காது. அது கேட்பது வேலைக்கு வந்தாரா என்பதை இல்லை, வழக்கமான வேலையைச் செய்தாரா என்பதை. பிரஸ் ஆப்பரேட்டர் ஸ்டோரில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தால் அவர் வழக்கமான வேலையில் இல்லை. காலண்டர் நாள் என்பதால் ஞாயிற்றுக்கிழமையும் சேரும்.

மறைப்பதால் நஷ்டம் தொழிலாளிக்குத்தான் முதலில். 2019 ஜனவரி 1 முதல் வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் வேலையிட விபத்துத் திட்டம் உண்டு. அவருடைய சம்பளத்தைக் கணக்கிட்டு முதலாளி அதற்குப் பணம் கட்டுகிறார். கட்டிய காசுக்கு உரிய பலனைப் பெற விபத்து பதிவாகியிருக்க வேண்டும். விரலின் நுனி போனதை “சிறு காயம்” என்று முடித்துவிட்டால், பின்னாளில் நிரந்தரக் குறைபாட்டுக்கு இழப்பீடு கேட்க அவரிடம் என்ன இருக்கிறது?

ஆலை வாசலில் “விபத்தில்லா நாள்கள்” என்று பலகை வைத்து, எண் ஏற ஏற போனஸ் தரும் பழக்கத்தை எனக்குப் பிடிக்காது. அடிபட்டவர் வாயைத் திறந்தால் மொத்த லைனுக்கும் போனஸ் போய்விடும். அதற்குப் பதிலாகக் கிட்டத்தட்ட விபத்தான சம்பவங்களைச் சொல்கிறவருக்கு ஒரு வேளைச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தாலே கூடுதலாகத் தெரியவரும்.

வாடிக்கையாளர் ஆடிட் இந்த ஊரில் சட்டத்தைவிடப் பெரிய குச்சி என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வேலையிடப் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 45001 சான்றிதழும் மின்னணுத் துறையின் ஆர்பிஏ நடத்தை விதிகளும் இல்லாமல் பெரிய கம்பெனிகளுக்குச் சரக்கு கொடுப்பது சிரமம். அதனால் நன்மையும் உண்டு. உதாரணமாக, நம் சட்டம் மாதத்துக்கு 104 மணி நேரம் ஓடி (கூடுதல் நேர வேலை) அனுமதிக்கிறது. வாரக் கணக்கில் சராசரியாக வழக்கமான 45உம் ஓடி 24உம் சேர்த்து 69 மணி நேரம் வரை போகலாம். ஆர்பிஏ 60இல் நிறுத்தச் சொல்கிறது. தூக்கக் கலக்கத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவதைக் குறைத்ததில் அந்த எண்ணுக்குப் பங்கு உண்டு. ஆனால் ஆடிட்டர் வரும் நாள் முன்பே தெரியும். பெரிய ஆலையை ஒட்டி நிற்கிற இரண்டாம், மூன்றாம் நிலைச் சப்ளையர் பட்டறைக்கு அவர் வருவதே இல்லை. கையை உள்ளே விடுகிற வேலை அதிகம் இருப்பது அங்கேதான்.

ஆகவே அந்த ஐந்து பேர் விதிக்குத் திரும்பி வருகிறேன். ஒருங்கிணைப்பாளர் அந்த ஆலையின் தொழிலாளிகளில் ஒருவராக இருக்க வேண்டும். வெளியிலிருந்து ஒரு ஆலோசகரின் பெயரைப் போட்டுச் சமாளிக்க முடியாது. நடைமுறையில் என்ன நடக்கிறதென்றால், கணக்கும் சம்பளமும் பெர்மிட்டும் பார்க்கிற ஆபீஸ் பெண்ணின் பெயரையே இதற்கும் எழுதிவிடுகிறார்கள். கோர்ஸுக்கு அனுப்புகிறார்கள், சான்றிதழ் வருகிறது. அவர் தளத்துக்கு இறங்குவது சம்பள நாளில் மட்டும். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? பிரஸ்ஸைப் பற்றித் தெரிந்த டை செட்டரையோ மெயின்டெனன்ஸ் ஆளையோ நியமித்து, ஷிஃப்டுக்குள்ளேயே வாரத்துக்கு ஓரிரண்டு மணி நேரம் ஒதுக்கி, “நிறுத்து” என்று சொன்னால் இயந்திரம் நிற்கும் அளவுக்கு அதிகாரம் கொடுத்தால், சின்னப் பட்டறைக்கு அதைவிட மலிவான பாதுகாப்பு கிடைக்காது. ஜனவரி 31க்குள் அனுப்ப வேண்டிய வருடாந்தர விபத்துப் பதிவேட்டைப் போன்ற எழுத்து வேலையை ஆபீஸ் பார்த்துக்கொள்ளலாம்.

முதலாளிமார் இதைத் தங்கள் நலனுக்காகவும் யோசிக்கலாம். 52ஏ பிரிவின் கீழ், கம்பெனி செய்த குற்றத்துக்கு இயக்குநரையும் நிர்வாகியையும் சேர்த்தே குற்றம் சாட்ட முடியும். சென்டிரியான் பெர்ஹாட் (தனியார் கம்பெனி) என்ற பலகைக்குப் பின்னால் ஒளிவது இனி எளிதில்லை. தப்பிக்க வேண்டுமானால், குற்றம் தன் அறிவோ சம்மதமோ இன்றி நடந்தது, தடுக்கத் தேவையான முன்னெச்சரிக்கைகளைத் தான் எடுத்திருந்தேன் என்று அவரே நிரூபிக்க வேண்டும். அந்த நேரத்தில் கைகொடுப்பது பிரேக் நிற்கும் நேரத்தை அளந்த தேதி, மாற்றிய தடுப்பின் ரசீது, பூட்டு வாங்கிக் கொடுத்த கையெழுத்து, “பிரஸ் நம்பர் மூன்று இரண்டு தடவை அடிக்கிறது” என்று ஆப்பரேட்டர் சொன்னதும் அன்றே அதை நிறுத்திய குறிப்பு. இவற்றை எல்லாம் எழுதி வைக்கப் பத்து ரிங்கிட் நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். அதை ஆபீஸ் அலமாரியில் வைக்காமல் பிரஸ் பக்கத்திலேயே தொங்கவிடுங்கள்.